பூட்டிய பெட்டியும் எழுதாத பெயரும்



ஐரோப்பிய அரச குடும்பத்து நகைகள் என்றவுடன் நம்மில் பலருக்கும் கோஹினூர் வைரம்தான் நினைவுக்கு வரும். அது, வென்றவர் தோற்றவரிடமிருந்து எடுத்துச் சென்ற பொருளின் கதை. இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறு வகையானது. பாட்டி அணிந்து, மகன் மனைவி அணிந்து, பேரன் மனைவி அணிந்து, தங்களுடையவை என்றே ஒரு குடும்பம் எண்ணி வந்த நகைகள், உரியவர் யார் என்னும் வழக்கோடு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஒரு பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் கதை அது.

இத்தாலியின் தலைநகரான உரோமில் அந்நாட்டு மத்திய வங்கியின் தலைமையகம் இருக்கிறது. அதன் காப்பறையில், கருந்தோல் போர்த்திய மூன்றடுக்குப் பெட்டி ஒன்று முத்திரையிட்டு வைக்கப்பட்டது. அதனுள் இருப்பவை சவோய் அரச குடும்பத்தின் நகைகள். தலையணிகள், கழுத்தணிகள், காதணிகள், மார்பில் குத்திக்கொள்ளும் அணிகள் என அவற்றில் பதிக்கப்பட்ட வைரங்கள் மட்டும் 6,732. முத்துகள் சுமார் 2,000. ஒருமுறை, 1976 இல், நகைகள் பத்திரமாக உள்ளனவா என்ற ஐயம் எழுந்தபோது நீதித்துறையின் ஆணைப்படி பெட்டி திறக்கப்பட்டு, நகை வல்லுநரின் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டது. 1946 முதல் அந்த முத்துகளில் ஒன்றுகூட ஒரு பெண்ணின் கழுத்தை அடைந்ததில்லை.

ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் அரசி மார்கரீட்டா. அவருடைய பெயருக்குக் கிரேக்க மூலத்தில் முத்து என்றே பொருள். அதற்கேற்பக் கணவரான முதலாம் உம்பெர்த்தோ மன்னர் அவருக்கு முத்துச் சரங்களாகவே பரிசளித்து வந்தார் என்பர். அரசியின் படங்களைப் பார்த்தால் கழுத்திலிருந்து இடை வரையில் வரிசை வரிசையாக முத்துகள் தொங்குவதைக் காணலாம். 1900 ஆம் ஆண்டில் மன்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1926 இல் அரசியும் மறைந்தார். அணிந்தவர்கள் போயினர்; அணிகள் அடுத்த தலைமுறைக்கு வந்தன.

ஒரு மாத மன்னர்

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி தோற்றது. முசோலினியை ஆட்சியில் அமர்த்தி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு இடம் கொடுத்தவர் என்ற பழி மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மன்னர் மீது விழுந்தது. 1946 மே 9 ஆம் நாள் அவர் மகனுக்கு முடியைத் துறந்துவிட்டு நாட்டை விட்டு வெளியேறினார். மகன் இரண்டாம் உம்பெர்த்தோ அரியணை ஏறினார். ஆனால் சூன் 2 ஆம் நாள், மன்னராட்சி வேண்டுமா, குடியரசு வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 1 கோடியே 27 இலட்சம் பேர் குடியரசுக்கு வாக்களித்தனர். சுமார் 1 கோடியே 7 இலட்சம் பேர் மன்னருக்கு வாக்களித்தனர். ஒரு மாதமே ஆண்ட அவரை மக்கள் 'மே மாத மன்னர்' என்று அழைக்கலாயினர்.

வாக்கெடுப்பு முடிந்த மூன்றாம் நாள், சூன் 5 அன்று, முறையான அறிவிப்பு வெளிவருமுன்பே, மன்னரின் சார்பில் அரண்மனை அமைச்சர் ஃபால்கோனே லூச்சிஃபெரோ அந்த நகைகளை எடுத்துக்கொண்டு மத்திய வங்கிக்குச் சென்றார். ஆளுநர் லூயிஜி எய்னாவ்தி அவற்றைப் பெற்றுக்கொண்டார். பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் ஆனவர் இவர். அன்று எழுதப்பட்ட ஒப்படைப்புப் பத்திரம், உரிமையுடையவர் எவரோ அவருக்கென இந்நகைகள் வைத்திருக்கப்படும் என்ற கருத்தில் அமைந்தது. அந்த உரிமையாளர் மன்னரா, அவருடைய மக்களா, இத்தாலிய அரசா என்பது பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை.

சூன் 13 ஆம் நாள் உம்பெர்த்தோ போர்ச்சுகல் நாட்டுக்குப் புறப்பட்டார். 1983 இல் ஜெனீவாவில் இறக்கும் வரை தாய்நாட்டு மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவில்லை. முன்னாள் மன்னரும் அவரது ஆண் வாரிசுகளும் நாட்டுக்குள் வரக்கூடாதென்று 1948 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமே தடுத்துவிட்டது. அந்தத் தடை 2002 இல்தான் நீங்கியது.

இங்கே சற்று நின்று நினைத்துப் பாருங்கள். அரியணையை இழந்து அயல்நாட்டுக்குப் போகவிருக்கும் ஒருவர். நகைகள் இன்னும் தம் கைவசம் இருந்த வேளையில் அவற்றைத் தம்மோடு கொண்டுபோக முயலாமல், உரிமை தீரும் வரையில் பொதுவான ஓரிடத்தில் இருக்கட்டும் என்று விட்டுச் சென்றார். நம்மவர் அல்லாதாராயினும், அமானிதம் என்னும் உணர்வு அவரிடம் இருந்ததை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆயினும் அந்த நல்ல செயலில் ஒரு குறை தங்கிவிட்டது. பாதுகாப்புக்குப் பெட்டி இருந்தது, பூட்டு இருந்தது, முத்திரை இருந்தது. உரியவரின் பெயர் மட்டும் இல்லை.

மன்னர்கள் மாறிக்கொண்ட வழி

இந்தக் குடும்பத்தின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. முடி துறந்த மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மன்னருக்கு அடைக்கலம் தந்தது எகிப்து. அங்கே அப்போது ஃபாரூக் மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். இத்தாலிய மன்னர் 1947 டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2017 இல்தான் அவரது உடல் இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அடைக்கலம் தந்த ஃபாரூக் என்ன ஆனார்? ஐந்து ஆண்டுகளுக்குள், 1952 சூலையில், இராணுவப் புரட்சியால் அரியணை இழந்து, அதே அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பலேறி இத்தாலியின் நேப்பிள்சு துறைமுகத்தில் போய் இறங்கினார். அவர் அரண்மனையில் குவித்து வைத்திருந்த அரும்பொருள்கள் 1954 இல் கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தன. 1965 இல் உரோமில் அவர் உயிர் பிரிந்தது. இத்தாலிய மன்னர் எகிப்தில் மடிந்தார். எகிப்திய மன்னர் இத்தாலியில் மடிந்தார். தான் நாடியவருக்கு ஆட்சியைக் கொடுப்பவனும், தான் நாடியவரிடமிருந்து அதை எடுப்பவனும் அல்லாஹ் ஒருவனே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எண்பது ஆண்டு வழக்கு

பெட்டியின் கதைக்குத் திரும்புவோம். இத்தாலியில் இருந்த சவோய் மன்னர்களின் சொத்துகள் அரசுக்குச் சேரும் என்று 1948 அரசியல் சட்டம் கூறியது. ஆனால் இந்த நகைகள் அரசுடைமையாகிவிட்டன என்று தனியாக ஓர் ஆணை ஒருபோதும் பிறப்பிக்கப்படவில்லை என்பது குடும்பத்தாரின் வாதம். அவை மன்னர் குடும்பத்தின் சொந்த நகைகள் என்றும், வங்கி அவற்றைக் காத்து வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்றும் அவர்கள் கூறினர். மன்னர் என்ற பதவிக்குரியவையே அவை. பதவி போனபின் நாட்டுக்கே உரியவை என்பது மறுதரப்பு வாதம்.

உம்பெர்த்தோவின் மகனும் மூன்று மகள்களும் நகைகளைக் கேட்டனர். வங்கி தர மறுத்தது. 2022 இல் வழக்கு உரோம் நீதிமன்றத்துக்குப் போனது. மகன் தீர்ப்பைக் காணாமலே 2024 பிப்ரவரியில் கண்மூடினார். 2025 இல் நீதிமன்றம் வாரிசுகளின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. மணிமுடிக்குரிய நகைகள் நாட்டுக்கே என்பது அதன் முடிவு. ஒப்படைத்தவர் காலமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் வந்த பதில் இது. நீதிமன்றம் யார் பக்கம் நின்றாலும், இத்தனை காலமும் அந்த முத்துகள் எவருக்கும் பயன்படவில்லை என்ற உண்மை மாறாது. குடும்பத்துப் பெண்கள் அணியவில்லை; மக்கள் கண்டு களிக்கவில்லை; விற்று ஏழைக்கு உதவவும் எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

குடும்பத்துக்கு என்றால் எந்தக் குடும்பத்துக்கு?

இத்தாலிக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று இதனை எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் அரசி 1818 இல் இறந்தார். தம் நகைகள் ஹனோவர் அரச குடும்பத்தின் வழிவழிச் சொத்தாக விளங்க வேண்டும் என்று அவர் மரண சாசனம் எழுதி வைத்திருந்தார். எழுதியவருக்கு அதில் குழப்பம் ஏதும் தோன்றியிருக்காது. ஏனெனில் அவர் காலத்தில் இங்கிலாந்துக்கும், செருமானிய நாடான ஹனோவருக்கும் மன்னர் ஒருவரே. இரண்டும் ஒரே குடும்பம்.

1837 இல் விக்டோரியா இங்கிலாந்தின் அரசியானார். ஹனோவர் நாட்டுச் சட்டமோ பெண் அரியணை ஏறுவதை ஏற்கவில்லை. எனவே விக்டோரியாவின் சிறிய தந்தை எர்னஸ்ட் அகஸ்டஸ் அங்கே மன்னரானார். மன்னரானவுடன், ஹனோவர் குடும்பம் என்றால் இனி நாங்கள்தான், நகைகளைக் கொடுங்கள் என்று கேட்டார். அண்ணன் மகள் கொடுக்கவில்லை. விசாரணைக் குழுக்கள் அமைந்தன. கேட்டவர் 1851 இல் இறந்தார். அவருடைய மகன் தொடர்ந்து கேட்டார். 1857 இல் ஹனோவருக்கே உரிமை என்று முடிவாகி, 1858 இன் தொடக்கத்தில் விக்டோரியா தாம் அணிந்து பழகிய நகைகளைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எட்டே ஆண்டுகளில், 1866 இல், பிரஷ்யா படையெடுத்து ஹனோவர் என்ற நாட்டையே இல்லாமலாக்கிவிட்டது. நகைக்காக இருபது ஆண்டுகள் மனம் கசந்து நின்ற இரு குடும்பங்களில் ஒன்றுக்கு நாடே மிஞ்சவில்லை.

கணவர் இறந்து நூறு ஆண்டுகள்

பெயர் எழுதாததால் வந்த துன்பம் ஒருபுறம். மறைத்து வைப்பதால் வரும் பாரம் மறுபுறம். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்திடம் 137 காரட் எடையுள்ள மஞ்சள் வைரம் ஒன்று இருந்தது. ஃபுளோரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்திடம் முன்பு இருந்ததால் ஃபுளோரன்டைன் வைரம் என்று அதற்குப் பெயர். 1918 இல் பேரரசு சரிந்தபோது, கார்ல் பேரரசர் குடும்ப நகைகளை வியன்னாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். நாடு கடத்தப்பட்ட நிலையில், 1922 ஏப்ரல் 1 அன்று மதீரா தீவில் வறுமையோடு இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. மனைவி சீட்டா ஏழு குழந்தைகளுடனும், வயிற்றில் எட்டாவது குழந்தையுடனும் நின்றார்.

அதன் பின்னர் அந்த வைரத்தைப் பற்றிய செய்தியே இல்லை. திருடு போயிற்று என்றனர் சிலர். துண்டு துண்டாக வெட்டி விற்கப்பட்டது என்றனர் சிலர். உண்மை 2025 நவம்பரில்தான் வெளிவந்தது. 1940 இல் நாஜிகளுக்கு அஞ்சிக் குழந்தைகளோடு ஓடியபோது, சீட்டா அம்மையார் நகைகளைச் சிறு பெட்டி ஒன்றில் வைத்துக் கையோடு கொண்டு சென்றிருக்கிறார். கனடாவின் க்யூபெக் மாநிலத்தில் அடைக்கலம் புகுந்து, அங்கே ஒரு வங்கிப் பெட்டகத்தில் அவற்றை வைத்திருக்கிறார். இருக்குமிடத்தைத் தம் மகன்கள் இருவரிடம் மட்டும் கூறி, கணவர் இறந்து நூறு ஆண்டுகள் கழியும் வரை வெளியில் சொல்லக் கூடாது என்று வாக்குப் பெற்றிருக்கிறார். 1989 இல் அம்மையார் மறைந்தார். அந்த மகன்கள் தம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மறைந்தனர். குடும்பத் தலைவர் கூடச் சமீப காலத்தில்தான் செய்தியை அறிந்ததாகக் கூறியிருக்கிறார். அந்த நம்பிக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் அறுந்திருந்தால் அந்த வைரம் என்றென்றைக்கும் இருளில் கிடந்திருக்கும்.

ஓர் அரசியின் தெளிவு

இவர்களுக்கு மாறாக, தெளிவாக நடந்துகொண்ட ஒரு பெண்மணியையும் சொல்ல வேண்டும். டென்மார்க் நாட்டின் அரசியாக இருந்தவர் சோஃபி மக்டலேன். 1746 ஆம் ஆண்டு, தம் வாழ்நாளிலேயே, அவர் ஒரு சாசனம் எழுதினார். தம்முடைய நகைகள் எந்தத் தனி மனிதருக்கும் உரியவை ஆகக் கூடாது. மணிமுடிக்கே உரியவையாக நிலைத்திருக்க வேண்டும். அந்தந்தக் காலத்தில் அரசியாக இருப்பவர் அணிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். 1770 இல் அவர் இறந்தார்.

இன்றும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பின்வந்தோர் சேர்த்தவையும் சேர்ந்து, வைரம், மரகதம், முத்து, மாணிக்கம் எனத் தொகுதிகளாக அந்நகைகள் கோப்பன்ஹேகனில் உள்ள ரோசன்போர்க் கோட்டையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. புத்தாண்டு விருந்து போன்ற நாள்களில் அரசி எடுத்து அணிந்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார். நாட்டின் எல்லையைத் தாண்டி அவை கொண்டு செல்லப்படுவதில்லை. 2024 சனவரியில் மார்கரெத்தே அரசி முடி துறந்தபோதும் நகைக்காக எந்த வழக்கும் எழவில்லை. எழுவதற்கு இடமில்லாமல் இருநூற்று எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் எழுதி வைத்துவிட்டார்.

விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகள் பங்கிடக் கூடாது, பயனை மட்டும் நுகரலாம் என்ற இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது நமக்கு வக்ஃபு நினைவுக்கு வரும். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி இவ்வாறே அறம் செய்தார்கள். ஆனால் அதன் பயன் ஏழைகளுக்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் போய்ச் சேர்ந்தது. டென்மார்க் நகையின் பயன் அரசியின் அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எனினும் எழுத்தின் தெளிவில் நாம் கற்க வேண்டியது உண்டு.

நம் வீட்டுப் பெட்டி

அரசர்களின் கதையை இவ்வளவு நேரம் கேட்டீர்கள். இனி நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். அங்கே 6,732 வைரங்கள் இல்லை. ஆனால் பெயர் எழுதாத நகை இருக்கிறதா, இல்லையா?

மகள் திருமணத்தின்போது வாப்பா போட்ட நகை, மாப்பிள்ளை மஹராகக் கொடுத்த நகை, மாமியார் தம் கழுத்திலிருந்து கழற்றி அணிவித்த நகை, அவசரத்துக்கென்று அண்ணன் வாங்கிப்போய் அடகு வைத்த நகை என எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. மாமியார் அணிவித்தது அன்பளிப்பா, இரவலா என்று அன்று எவரும் சொல்லவில்லை. கேட்பது மரியாதையன்று என்று மருமகளும் கேட்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் ஒரு மனக்கசப்பு ஏற்படும்போது அந்தக் கேள்வி பஞ்சாயத்துக்கு வருகிறது. உம்மா கண்மூடியபின், இந்த வளையல் எனக்குத்தான் என்று உம்மா சொன்னார்கள் என்று ஒரு மகள் கூறுகிறாள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள் என்று மற்றொரு மகள் அழுகிறாள். இருவரும் பொய் சொல்லவில்லை. உம்மா இருவரிடமும் சொல்லியிருப்பார்கள். எதையும் கொடுத்துவிடவில்லை, எழுதிவைக்கவுமில்லை.

உரிமை தெளிவில்லாத நகைக்கு ஜகாத் கொடுப்பது யார்? அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. அனுமதிக்கப்பட்ட அளவில் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. எந்த மத்ஹபைச் சேர்ந்தவராயினும், கடமை உரிமையாளர் மீதுதானே? உரிமையாளரே யாரென்று தெரியாதபோது ஆளுக்கு ஆள் அடுத்தவர் கொடுப்பார் என்றிருந்து, கடமை எவராலும் நிறைவேறாமல் போய்விடுகிறது.

மார்க்கம் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நாம் அடிக்கடி சொல்லிப் பெருமைப்படுகிறோம், எழுதத்தான் மறந்துவிடுகிறோம். மரண சாசனம் செய்வதற்குரிய பொருள் உள்ள ஒரு முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். தம்மைக் கொல்லத் துணிந்த குறைஷிகளின் பொருள்களே அண்ணலாரிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவரிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டு அண்ணலார் புறப்பட்டார்கள். எந்தப் பொருள் யாருக்குரியது என்பது தெளிவாக இருந்ததால், அலீ (ரலி) அவர்கள் சில நாள்களிலேயே அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு மதீனா போய்ச் சேர்ந்தார்கள். பூட்டி வைப்பதோடு அமானிதம் முடிந்துவிடுவதில்லை; உரியவர் கையில் சேரும்போதுதான் முடிகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நகை யாருடையது என்பதை உயிரோடு இருக்கும்போதே தெளிவாக்குங்கள். மனைவிக்குக் கொடுத்த மஹர் மனைவிக்கே உரியது. அதில் கணவருக்கோ மாமியாருக்கோ உரிமையில்லை. மருமகளுக்கு அணிவிக்கும்போது, இது உனக்கு அன்பளிப்பு அல்லது இது உனக்கு இரவல் என்று சாட்சிகள் முன்னிலையில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அன்று சற்றுக் கூச்சமாக இருக்கும்; பின்னர் நிம்மதியாக இருக்கும்.

இரண்டாவதாக, ஒரு நகையை ஒரு மகளுக்குக் கொடுக்க விரும்பினால் இன்றே அவள் கையில் கொடுத்துவிடுங்கள். கைக்கு மாறினால்தான் அன்பளிப்பு நிறைவு பெறும். என் காலத்துக்குப் பின் உனக்கு என்பது அன்பளிப்பாகாது, அது வஸிய்யத்தாகிவிடும். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதும், பிறருக்குச் செய்வதாயினும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் நாம் அறிந்தவையே. அவ்வாறு வாழ்நாளில் கொடுக்கும்போதும் பிள்ளைகளிடையே நீதி வேண்டும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவதாக, இறந்தவரின் நகையைப் பங்கிட்டுவிடுங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். உம்மா நகை பெண் பிள்ளைகளுக்குத்தான் என்பது ஊர் வழக்கம். மூத்த மருமகளுக்குத்தான் என்பது வேறோர் ஊர் வழக்கம். அல்லாஹ்வின் பங்கீடு இரண்டுமன்று. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு தாய் 48 பவுன் நகை விட்டுச் சென்றார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கணவர், ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கின்றனர். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எதுவும் நிலுவையில் இல்லை. கணவருக்குக் கால் பங்கு 12 பவுன். மீதி 36 பவுனில் மகனுக்கு 18, மகள்களுக்கு ஆளுக்கு 9 பவுன். இவ்வளவுதான் கணக்கு. உங்கள் வீட்டு உறவு முறை வேறாக இருந்தால் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

பாட்டி காலத்து அட்டிகையை உடைத்து ஆளுக்குத் துண்டாகப் பங்கிட மனம் வரவில்லையா? உடைக்க வேண்டியதில்லை. ஆசாரியிடம் கொடுத்து எடை போட்டு மதிப்பு எழுதுங்கள். விரும்புகிறவர் எடுத்துக்கொண்டு மற்றவர் பங்குக்கு ஈடு கொடுத்துவிடட்டும். வயது வந்த வாரிசுகள் மனமொத்து, இதைத் தங்கை அணியட்டும் என்று விட்டுக்கொடுத்தால் அது தர்மமும் பாசமும் ஆகும். ஆனால் வயது வராத பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. அனாதையின் பொருள் நெருப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவதாக, சகோதரிகளின் பங்கு. பெற்றோர் விட்டுச் சென்றது சிறிதோ பெரிதோ, அதில் ஆணுக்கும் பங்கு உண்டு, பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று இறைவன் கூறியபோது, திருமணத்துக்குப் போட்டதே போதும் என்ற விதிவிலக்கை அவன் வைக்கவில்லை. ஹனோவர் நாடு ஒரு பெண்ணுக்கு அரியணையை மறுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஏழாம் நூற்றாண்டிலேயே மகளுக்குப் பங்கு நிர்ணயித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அந்தப் பங்கைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அதைப் பற்றி மேடையில் மட்டும் பேசினால் பயன் என்ன?

ஆகவே, இந்த இதழை மூடி வைக்குமுன் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள நகைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எடை, யாருடையது, எப்படி வந்தது, எங்கே இருக்கிறது, அடகில் இருந்தால் யார் பொறுப்பு என்பதை எதிரே குறியுங்கள். கணவனும் மனைவியும் கையொப்பமிட்டு, நம்பகமான இருவரைச் சாட்சியாக்கி, ஒரு பிரதியைப் பெட்டியிலும் மற்றொன்றைப் பொறுப்பான ஒருவரிடமும் வையுங்கள். சீட்டா அம்மையாரைப் போல இரண்டு மகன்களின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

உரோமிலுள்ள அந்தப் பெட்டியைக் காக்க ஒரு நாட்டின் வங்கியே இருந்தது. நம் பெட்டியைக் காக்க அவ்வளவு பெரிய பூட்டு தேவையில்லை. பெயர் எழுதிய ஒரு தாள் போதும். உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்ற உறவோடு திறந்து, அதே உறவோடு மூட வேண்டும். அந்த நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.